புகையும் புதுப் பல்லும்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



பல் பிரிவைக் குறித்துப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். பல் வைத்தியருக்கு இருக்கிற அறிவு எங்களுக்கு இல்லை. ஆனாலும் உங்களிடமிருந்து வந்த இரண்டு கேள்விகள் எங்கள் பக்கத்து வேலையையும் தொடுகிறபடியால் ஒத்துக்கொண்டோம். "பீடி குடிக்கிறவருக்கு இம்பிளான்ட் வைக்காமல் தள்ளிப் போடுகிறீர்களாமே, இது நியாயமா?" என்று ஓர் அம்மா கேட்டிருந்தார்கள். "புகைக்கிறவனுக்கு நம்முடைய காணிக்கையை எதற்காகச் செலவழிக்க வேண்டும்?" என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். இரண்டு பேருமே இதை ஒரு தண்டனையாகப் பார்க்கிறார்கள். அது தண்டனை அல்ல.

இம்பிளான்ட் என்பது இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கிற பல் செட் அல்ல. தாடை எலும்பில் துளையிட்டு, டைட்டானியத்தினால் ஆன சிறிய திருகு ஒன்றைப் பதிக்கிறார்கள். வேரின் இடத்தில் அது நிற்கும். அதன்மேல் பல்லைக் கட்டுவார்கள். சுவீடன் தேசத்துப் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1952-ல் முயலின் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தி ஆராய்ந்தார். பிற்பாடு அதை எடுக்கப் பார்த்தபோது எலும்பு அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. 1965-ல் முதல்முறையாக ஒரு மனிதருக்கு வைத்தார். அந்த நோயாளி 2006-ல் மரிக்கும்வரை, 40 வருஷங்களுக்கு மேலாக அவை அவர் வாயில் உழைத்தன.

ஆகவே திருகை இறுக்குவதோடு வைத்தியர் வேலை முடிகிறது. பிடித்துக்கொள்ளும் வேலை எலும்பினுடையது. அதற்குச் சாதாரணமாக மூன்று மாதம் முதல் ஆறு மாதம் செல்லும். அத்தனை நாளும் அந்த இடத்துக்கு நல்ல இரத்தம் போய்க்கொண்டிருக்க வேண்டும். புகை கெடுப்பது அதைத்தான். நிக்கோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கிருமியோடு போராடுகிற வெள்ளணுக்களும் தளர்ந்துபோகின்றன. புதிதாக நட்ட கன்றுக்குத் தண்ணீர் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நம் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1993-ல் பெயின், மாய் என்ற இரு மருத்துவர்கள் 540 பேருக்கு வைத்த 2,194 இம்பிளான்ட்களைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். புகைக்காதவர்களிடம் 100-க்கு ஏறக்குறைய 5 தோற்றுப்போயின. புகைக்கிறவர்களிடம் 11-க்கும் மேல். மேல் தாடை எலும்பு கீழ்த் தாடையைப்போல் கெட்டியானதல்ல. அங்கே சேதம் அதிகம். இன்னொரு வஞ்சகமும் உண்டு. ஈறு நோய் கண்டால் இரத்தம் கசிந்து நம்மை எச்சரிக்கும். புகைக்கிறவருக்கு அந்தக் கசிவு குறைந்துபோவதால், திருகைச் சுற்றி எலும்பு கரைவது வெகுநாள் தெரியாமலே இருந்துவிடும்.

அதே சமயம், புகைக்கிறவர்களிலும் பெரும்பாலோருக்கு இம்பிளான்ட் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் கூலிக்காரர் ஒருவருக்கு ஒரேயொரு தடவைதான் இந்த உதவி கிடைக்கும். தோற்றால் திருகு மட்டும் போவதில்லை; எலும்பும் கொஞ்சம் போகும். இரண்டாம் தடவை வைப்பது அதிலும் கடினம். அதற்காகவே வைத்தியர்கள் நாள் கொடுக்காமல் காத்திருக்கிறார்கள். பெயின் 1996-ல் வெளியிட்ட முறைப்படி, அறுவைக்கு ஒரு வாரம் முன்னும் எட்டு வாரம் பின்னும் விட்டுவிட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட நல்ல பலன் கிடைத்தது. ஒரேயடியாக விட்டுவிட்டால் இன்னும் நல்லது. இருதயமும் நுரையீரலும் சேர்ந்து பிழைக்கும்.

இனி எங்கள் பக்கத்துக் காரியத்துக்கு வருகிறோம். கொத்தனார் ஒருவர் வைத்தியரிடம், "பீடியை விட்டு ரெண்டு மாசமாச்சு" என்று சொல்லி நாள் வாங்கிவிட்டார். அன்று மாலை அவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். தலையைக் குனிந்துகொண்டே, "ஐயா, இன்னும் விடல. மிஷன் ஆஸ்பத்திரியில வந்து பீடி குடிக்கிறேன்னு எப்படி வாய் திறந்து சொல்றது?" என்றார். அவருடைய சம்மதத்தோடு கூடவே போனோம். அவரே வைத்தியரிடம் சொன்னார். வைத்தியர் கடிந்துகொள்ளவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லி நாளை மாற்றினார், அவ்வளவுதான்.

அந்தக் கொத்தனார் பயந்தது வைத்தியருக்கு அல்ல. நம்மைப்போன்ற சபை மக்களின் முகச்சுளிப்புக்கே பயந்தார். நம் முகத்தைப் பார்த்து ஒருவர் மறைக்கிற பீடி, அவருடைய தாடை எலும்பை அரிக்கிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துச் சபைகளில் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிய கூலியில் காணிக்கை கொடுக்கிற சகோதரிகள் எத்தனைபேர்! சுற்றுகிற கையின் காணிக்கையைத் தட்டில் வாங்கிக்கொண்டு, குடிக்கிறவரை மட்டும் ஏளனமாகப் பார்ப்பது நமக்குத் தகுமா?

"சிகரெட் இல்லை ஐயா, வெறும் பீடிதான்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. இலையில் சுற்றினால் குற்றமில்லை என்ற எண்ணம். பீடியின் புகையில் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்ததல்ல, கூடுதலே.

விட முடியாதவர்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவர்களுக்குக் கழற்றி மாட்டும் பல் செட் செய்து கொடுக்கலாம்; அதற்கு எலும்பு பிடிக்க வேண்டியதில்லை. வெறும் வாயோடு யாரையும் அனுப்பிவிட வேண்டாம். விட விரும்புகிறவர்கள் 1800 11 2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசலாம். நீங்கள் வார்டுக்குப் பழங்களோடு வரும்போது, "இன்னுமா விடவில்லை?" என்று கேளாமல், "இன்றைக்கு எத்தனை?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். நேற்று பத்து, இன்று ஆறு என்று உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.