தொகுதி எல்லையும் பொதுமக்கள் நம்பிக்கையும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



தமிழ் விழாவிலே தேர்தல் தொகுதியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நாம் தமிழ் மண்ணிலே வேர் உடையவர்கள். மராட்டிய மண்ணிலே வாழ்ந்து, இங்கேயே வாக்களிப்பவர்கள். தொகுதி மறுவரையறை என்னும் பிரச்சினை இவ்விரண்டு நிலையிலும் நம்மைத் தொடுகிறது. அதுவும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கிறது. ஆகவே, இதனைச் சிந்திக்க இந்த அவையே மிகவும் தக்கது.

முதலில் நம் சாங்வியைப் பார்ப்போம். முளா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஔந்து. அது வேறு மாநகராட்சி. வேறு சட்டமன்றத் தொகுதி. வேறு மக்களவைத் தொகுதி. ஆனால், சஹ்யாத்திரி மலைக்கு அப்பால், பன்வேலையும் தாண்டிக் கடலோரத்தில் உள்ள உரணோ நம் மக்களவைத் தொகுதியைச் சேர்ந்தது! 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறையில் உருவான மாவள் தொகுதியில் சிஞ்ச்வட், பிம்ப்ரி, மாவள் ஆகிய மூன்றும் புனே மாவட்டத்தவை. கர்ஜத், பன்வேல், உரண் ஆகிய மூன்றும் ராய்கட் மாவட்டத்தவை. கனத்த வண்டிகள் கர்ஜத்தில் பின்புறம் துணை எஞ்சின் பூட்டிக்கொண்டுதான் மலையேறுகின்றன என்பதை இருப்புப்பாதையில் பணிபுரியும் நாம் அறிவோம். அம்மலையின் இருபுறத்து மக்களுக்கும் ஒரே உறுப்பினர்.

இதில் சூது உண்டென்று நாம் கூறவில்லை. தலைக்கணக்கைச் சமன்செய்யும்போது இத்தகைய நீண்ட தொகுதிகள் தோன்றுதல் இயல்பே. ஆயினும், அந்தச் சமன் நிலைத்ததா? 2001ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துக் கோடு வரைந்தனர். அதன்பின் தொழிற்சாலையும் கணிப்பொறி நிறுவனங்களும் பெருகின; ஊரும் பெருகிற்று. 2024ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் நம் சிஞ்ச்வட் தொகுதியின் வாக்காளர் ஆறு இலட்சத்துக்கும் மேல். பம்பாய் வடாலாவிலோ ஏறத்தாழ இரண்டு இலட்சமே. அங்கே ஒருவரின் வாக்குக்குள்ள எடை, இங்கே மூவர் சேர்ந்தால்தான் கிடைக்கும். எனவே, சாங்வி வாக்காளர் என்ற முறையில், கோடுகளை விரைவில் திருத்துக என்றே நாம் கேட்போம்.

இனி, தாயகத்தை நோக்குவோம். அங்கே கேட்கும் குரல், 'எங்கள் பங்கைத் தொடாதீர்' என்பதாகும். அதற்குக் காரணம் உண்டு. 1951க்கும் 1961க்கும் இடையே நாட்டின் மக்கள்தொகை 21 விழுக்காட்டுக்கு மேல் பெருகியபோது, சென்னை மாநிலத்தில் சுமார் 12 விழுக்காடே பெருகியது. அதன் விளைவாக, 41ஆக இருந்த மக்களவை இடங்கள் 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் 39ஆகக் குறைந்தன. பிறகு 1976இல், 42ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால், 1971ஆம் ஆண்டுக் கணக்கின்படியே மாநிலங்களின் பங்கு நிறுத்திவைக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாட்டைக் கைக்கொண்ட மாநிலங்கள் அதனாலேயே இடங்களை இழத்தல் ஆகாது என்பது அதன் கருத்து. 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம், 2026க்குப் பின் எடுக்கும் முதற்கணக்கு வரையில் அதை நீட்டித்தது. அக்கெடு நெருங்கவே, 2025 மார்ச் 22ஆம் நாள் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடித் தங்கள் கவலையை வெளியிட்டனர்.

இங்கேதான் நம் மனச்சாட்சிக்குச் சோதனை வருகிறது. 1971இல் தமிழ்நாட்டின் மக்கள் 4.12 கோடி, ராஜஸ்தானத்தில் 2.58 கோடி. 2011இல் அவை முறையே 7.21 கோடியும் 6.85 கோடியும் ஆயின. மக்களவையிலோ நமக்கு 39, அவர்களுக்கு 25. சிஞ்ச்வடில் நின்று, 'எங்கள் வாக்கின் எடை குறைந்தது' என்று முறையிடும் நாம், ராஜஸ்தானத்துக் குடியானவன் அதையே முறையிட்டால் காதைப் பொத்திக்கொள்ளலாமா? பொத்திக்கொள்ளல் நேர்மையன்று.

ஆயினும், இவ்விரண்டு முறையீடுகளும் முற்றிலும் ஒன்றல்ல. மாநிலத்துக்குள் கோடு வரைதல் ஒன்று. மாநிலங்களுக்கிடையே இடம் பகிர்தல் மற்றொன்று. எல்லை வேறு, பங்கு வேறு. சிஞ்ச்வடும் வடாலாவும் ஒரே மாநில அரசைத் தேர்ந்தெடுப்பவை. அவற்றுக்குள் ஏற்றத்தாழ்வு இருக்க நியாயமே இல்லை. மாநிலங்களுக்கிடையேயோ 1976இல் அளித்த வாக்குறுதி நிற்கிறது. அதை நம்பி நடந்தவர்களை எண்ணிப் பாராமல், ஒரு சாராரின் எண்ணிக்கை வலிமையால் மட்டும் மாற்றுதல் கூட்டாட்சிக்கு அழகன்று. எல்லாரும் அமர்ந்து, ஒப்பி, மாற்ற வேண்டும். அது முடியும்வரை எல்லைத் திருத்தம் காத்திருக்க வேண்டுவதில்லை. 2003ஆம் ஆண்டின் 87ஆம் திருத்தம் செய்தது இதுவே. மாநிலப் பங்கு மாறாமல், 2001 கணக்கைக்கொண்டு உள்எல்லைகளை மட்டும் திருத்த அது வழிசெய்தது.

அடுத்த கேள்வி, கோடு வரையும் கை யாருடையது என்பது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1812ஆம் ஆண்டு ஆளுநர் கெர்ரி, தம் கட்சிக்குச் சாதகமாகத் தொகுதிகளை வளைத்து நெளித்து அமைத்த சட்டத்துக்கு ஒப்பமிட்டார். அவற்றுள் ஒன்றன் உருவம் சாலமாண்டர் என்னும் பிராணியை ஒத்திருந்ததால், அச்சூதுக்கே ஆங்கிலத்தில் அவர் பெயரை ஒட்டிய சொல் பிறந்தது. இலங்கையில் நடந்ததோ இன்னும் கொடிது. 1947இல் மலையகத் தோட்டத் தமிழரின் வாக்கால், இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, வாக்குரிமையும் பறிபோயிற்று, 1952இல் அவர்களுக்கென ஒருவரும் இல்லை. ஆனால், தொகுதிகளுக்குத் தலை எண்ணும்போது மட்டும் அவர்களையும் சேர்த்து எண்ணினர்! வாக்கில்லாதவரின் தலைகளால் பிறரது வாக்கின் எடை கூடிற்று.

நம் நாட்டில் மறுவரையறை ஆணைக்குழுவை அமைத்தவர்கள் நல்ல ஏற்பாடு செய்தனர். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த முதற்குழுவுக்கு நீதிபதி சந்திரசேகர ஐயர் தலைவர். 2002 சட்டத்தின் குழுவுக்கு நீதிபதி குல்தீப் சிங். மக்கள் பிரதிநிதிகள் துணை உறுப்பினராக அமர்ந்து கருத்துக் கூறலாம், வாக்களித்தல் இயலாது. வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பொது அவையில் கேட்ட பின்னரே முடிவு. முடிவான ஆணையைப் பாராளுமன்றமும் திருத்த முடியாது.

இத்தகைய வேலி உள்ளாட்சிக்கு இல்லாமையின் பலனை நாமே கண்டோம். பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. நான்கு உறுப்பினர் வட்டங்களை மூன்று உறுப்பினர் வட்டங்களாக மாற்ற வரைவு வந்தது; மாநில ஆட்சி மாறியதும் பழைய முறையே திரும்பியது; இடஒதுக்கீட்டு வழக்கும் சேர்ந்துகொண்டது. உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் ஆணையிட்ட பின்னரே வழி பிறந்து, 2026 ஜனவரி 15ஆம் நாள் வாக்குப்பதிவு நடந்தது. ஏறத்தாழ நான்காண்டு, குழாயில் நீர் வரவில்லை என்று சொல்ல நமக்கு ஓர் உறுப்பினர் இல்லை. கோணற்கோடு மட்டுமன்று, முடிவுறாத கோடும் நம்பிக்கையைக் கெடுக்கும்.

இரயிலில் எல்லாருக்கும் படுக்கை இடம் கிடைப்பதில்லை. முன்னாளில் பெயர்ப் பட்டியலைப் பெட்டியின் வாசலிலேயே ஒட்டுவார்கள். இடம் கிடைக்காதவரும் அதைப் படித்துவிட்டு, வருத்தத்தோடாயினும் அடங்கிப் போவார். பட்டியல் மறைவில் இருந்தால், இடம் பெற்றவரையும் ஐயுறுவார். தேர்தலும் அவ்வாறே. தோற்றவர் ஏற்கும்படி நடப்பதே தேர்தலின் வெற்றி.

அன்பர்களே! நம் கடமையும் ஒன்றுண்டு. வரைவு வெளியாகும்போது அதைப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஆட்சேபம் எழுதிக் கொடுப்பவர் எத்தனை பேர்? சங்கத்திலே மராட்டி நன்கறிந்த இளைஞர் நால்வர், அவ்வரைபடத்தை வாங்கி வந்து விளக்கட்டும். நம் தெருக்கள் எந்த வட்டத்தில் விழுகின்றன, ஒரே குடியிருப்பு இரண்டாகப் பிளக்கப்படுகிறதா என்று பார்த்து, கெடுவுக்குள் மனு எழுதுவோம். பக்கத்து வீட்டு மராட்டிய நண்பரையும் சேர்த்துக்கொள்வோம். தெரு அவருக்கும் நமக்கும் பொது. வாக்காளர் பட்டியலில் நம் பெயர் உண்டா என்பதையும் ஆண்டுதோறும் சரிபார்ப்போம். தாயகத்துக்கு நியாயமான பங்கு கேட்போம்; வாழும் ஊரில் நேரான எல்லை கேட்போம். இரண்டையும் ஒரே வாயால், ஒரே நேர்மையோடு கேட்போம்.

வாழ்க தமிழ்! வாழ்க மக்களாட்சி!