இறைவனின் அழகு எங்கே இருக்கிறது?

(கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இறைவனின் அழகு" என்ற தலைப்பில் சில நிமிஷங்கள் பேசும்படி நம் காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் உபன்யாசகன் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. படித்து, முப்பது வருஷங்களுக்கு மேல் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆகவே பெரிய தத்துவங்களுக்குள் போகாமல், கூட்டம் நடக்கும் இந்த ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தங்கவயல் அன்பர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையில் இறங்கியது. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து இந்தச் சுரங்கங்களுக்காகவே மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணம் 60 டிகிரிக்கு மேல். அங்கே இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் மக்கள். பாறை வெடிப்பில் உயிரையும் உறுப்புகளையும் இழந்தவர்கள் உண்டு. கல்தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் உண்டு. சுமார் 120 வருஷங்களில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு கேள்விதான் பிரதானம். டன்னுக்கு எத்தனை கிராம்? ஆரம்ப காலத்தில் கிராம் கணக்கு தாராளமாக இருந்தது. கடைசியில் டன்னுக்கு மூன்று நான்கு கிராம் என்று குறைந்தது. கட்டுப்படியாகவில்லை என்று மூடினார்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய மூன்று கோடி டன்னுக்கும் அதிகமான மண், சயனைடு குன்றுகளாக இன்றும் ஊரைச் சுற்றி நிற்கிறது. தொழில் என்ற முறையில் அந்தக் கணக்கு சரியானதே. ஆனால் அந்தக் கல்லின் முழு மதிப்பும் அந்தக் கணக்கில் அடங்கிவிட்டதா என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கல்லின் வயது சுமார் 270 கோடி வருஷங்கள். இங்கிருந்து சற்று தூரத்தில் பெத்தபள்ளி அருகே உள்ள எரிமலைப் பாறைகளை இந்திய புவியியல் ஆய்வுத் துறை தேசிய புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. தலையணைகளை அடுக்கி வைத்தது போன்ற எரிமலைக் குழம்புப் பாறைகளும் அங்கே உண்டு. தண்ணீருக்கடியில் குழம்பு பீறிட்டுக் குளிர்ந்தால்தான் பாறை அந்த வடிவம் பெறும். கடலே இல்லாத கோலாரில் ஆதிகாலத்துத் தண்ணீரின் கையெழுத்து! அதில் ஒரு குந்துமணி தங்கம் இல்லாவிட்டாலும் அதன் அழகு குறையுமா?

இன்னொன்று. இருட்டு என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்று நினைக்கிறோம். 1965ல் இதே சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் ஜப்பானின் ஒஸாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, வாயுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் அடையாளத்தைக் கண்டார்கள். அது ஒவ்வொரு வினாடியும் கோடானுகோடியாக நம் உடம்பில் புகுந்து போய்க்கொண்டிருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. பூமியின் மேலே மற்றத் துகள்களின் ஆரவாரம் அதிகம். அதெல்லாம் அடங்கிய ஆழத்துக்குப் போனால்தான் அது அகப்பட்டது.

மூன்றாவதாக ஒரு சிறிய ஜீவன். இந்த மாவட்டத்தில் ஹனுமனஹள்ளி கிராமத்துக் குகை ஒன்றில் கோலார் இலைமூக்கு வௌவால் வசிக்கிறது. உலகத்தில் வேறு எங்கும் அது இருப்பதாகத் தெரியவில்லை. கணக்கெடுத்தபோது இருநூறுகூடத் தேறவில்லை. கல் குவாரியால் அதற்கு ஆபத்து வந்து, பிறகு அந்த இடம் பாதுகாக்கப்பட்டது. கும்மிருட்டில், நம் காதுக்கு எட்டாத ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே பறக்கிறது. நாம் கண்ணால் அறிவதை அது காதால் அறிகிறது. இதைக் குறை என்பதா, வேறு வழி என்பதா?

கீதையின் பத்தாவது அத்தியாயத்தில் பகவான் தன் விபூதிகளைச் சொல்லும்போது மலை, நதி, மரம், மீன் என்று வரிசையாகச் சொல்கிறார். நாம் அதைப் பாராயணம் செய்கிறோம். மலையில் அவனைப் பார்க்கவும் பழகிவிட்டோம். ஆனால் நம் வீட்டிலேயே நடக்க முடியாமல், பேச முடியாமல் ஒரு குழந்தை இருந்தால், அங்கே மட்டும் நமக்குப் பார்வை மங்கிவிடுகிறது. கல்யாணப் பத்திரிகை வந்தால், "அவனை யாரிடமாவது விட்டுவிட்டு நீங்கள் மட்டும் வாருங்கள்" என்கிறோம். பெண் பார்க்க வருபவர்களின் கண்ணில் படாமல் உள்ளறையில் உட்கார வைக்கிறோம். இது ஊருக்கு ஊர் நம்மிடையே நடப்பதுதான்.

என் தங்கையின் பிள்ளைக்கு டவுன் ஸிண்ட்ரோம். உயிரணுவில் 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதுதான் காரணம். லெஜூன் என்ற பிரெஞ்சு டாக்டரும் அவருடைய குழுவினரும் 1959ல் இதை வெளியிட்டார்கள். பெற்றவளின் பாவமும் அல்ல, கிரஹண தோஷமும் அல்ல. அவனுக்கு இப்போது நாற்பது வயது. எங்கள் வீட்டு விசேஷங்களில் தண்ணீர் கொடுப்பது அவன் பொறுப்பு. சம்பந்தி, பெரிய அதிகாரி, சமையல் கட்டில் வியர்வையோடு நிற்கும் பரிசாரகர், வாசலில் காத்திருக்கும் டிரைவர், எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே டம்ளர். யாருக்கு முதல் மரியாதை என்ற கணக்கு அவனிடம் கிடையாது. எல்லா உயிரிலும் ஒன்றே இருக்கிறது என்று நான் புஸ்தகத்தில் படித்ததை அவன் தண்ணீர் செம்போடு செய்துகொண்டிருக்கிறான்.

அதற்காக அவனைத் தெய்வக் குழந்தை என்று பீடத்தில் ஏற்றவும் எனக்குச் சம்மதமில்லை. அவனுக்குக் கோபம் வரும், பிடிவாதம் உண்டு, இரண்டாவது ஜாங்கிரிக்குச் சண்டை போடுவான். பூஜை அறையில் வைப்பதும் ஒரு விதத்தில் ஒதுக்கி வைப்பதுதான். நம்மைப் போல அவனும் ஒரு மனிதன். பந்தியில் அவனுக்கும் ஓர் இலை வேண்டும்.

எட்டுக் கோணலான உடம்போடு ஜனகர் சபைக்கு வந்த அஷ்டாவக்ரரின் கதை உங்களுக்குத் தெரியும். பண்டிதர்கள் சிரித்தார்கள். தோலைப் பார்த்து மதிப்பிடுபவர்களா ஞானிகள் என்று அவர் கேட்டதும் சபை வாயடைத்துப் போயிற்று.

நம் காலத்திலும் உதாரணம் உண்டு. 1975ல் எஸ். ராமகிருஷ்ணன் என்ற என்ஜினீயரிங் மாணவர் கடற்படை அதிகாரி தேர்வுக்காக பெங்களூர் வந்தார். தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981ல் தென்காசி அருகே தம் சொந்த ஊரான ஆய்க்குடியில், தமக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசை நலிவு நோயுள்ள ஆடிட்டர் எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே இருவரும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழி காட்டினார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சாதித்தவர்களை மட்டுமே கொண்டாடினால் நாம் மறுபடியும் "டன்னுக்கு எத்தனை கிராம்" என்ற கணக்குக்கே வந்துவிடுவோம். விருது வாங்காத, பாட்டுப் பாடாத, தானாகச் சாப்பிடக்கூட முடியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒரு கிராம்கூடக் கிடைக்காத இடத்திலும் அழகைப் பார்க்கிறோமா? அங்கேதான் நம் பக்திக்குப் பரீக்ஷை.

கடைசியாக, பழைய சர்க்கார் ஆசாமி என்ற முறையில் சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களைத் தூங்கவிடாத கேள்வி ஒன்றுதான்: "எங்களுக்குப் பிறகு யார்?" இதற்குச் சில ஏற்பாடுகள் உண்டு. 1999ஆம் வருஷத்து நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு, பதினெட்டு வயதுக்குப் பிறகு, மாவட்டக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் கமிட்டி சட்டபூர்வமான கார்டியனை நியமிக்க முடியும். அதே டிரஸ்டின் நிராமயா திட்டத்தில் வருஷத்துக்கு ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. மத்திய சர்க்கார் ஊழியரின் பிள்ளை ஊனத்தால் சம்பாதிக்க முடியாத நிலையில் இருந்தால், விதிகளுக்கு உட்பட்டு ஆயுள் முழுவதும் குடும்ப பென்ஷன் பெறலாம். நீங்கள் இருக்கும்போதே பென்ஷன் ஆர்டரில் அந்தப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தள்ளிப் போட வேண்டாம்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு ஊர்க் கிளையும் தன் வட்டாரத்தில் இப்படி எத்தனை குடும்பங்கள் என்று கணக்கெடுக்கட்டும். கூட்டம் நடத்தும் ஹாலில் படிக்கட்டு இருந்தால் பக்கத்தில் ஒரு சாய்தளம் போடட்டும். மாதத்தில் ஒரு நாள் அந்தப் பிள்ளையோடு யாராவது இரண்டு மணி நேரம் இருந்து, அதன் தாயார் கோயிலுக்குப் போய்வரும்படி செய்யட்டும். அடுத்த அழைப்பிதழில் "குடும்பத்தோடு வரவும்" என்று அச்சடிக்கும்போது, அந்தக் குடும்பத்தில் யார் யார் என்று ஒருமுறை யோசித்துப் பார்ப்போம்.