காசு கிலுங்கும் கழுத்து

எஸ்டோனியான்னா நம்ம ஐடி ஆளுங்களுக்கு ஸ்கைப் ஞாபகம் வரும். அதே நாட்டோட தென்கிழக்கு மூலையில செட்டோன்னு ஒரு மக்கள் இருக்காங்க. திருவிழான்னா, பெண்கள் வர்றதுக்கு முன்னாடியே அவங்க நகைச் சத்தம் வந்துடும்.

நெஞ்சுல 'சோல்க்'. கூம்பு மாதிரி பெரிய வெள்ளி ப்ரோச். ஆரம்பத்துல இது சட்டைக் கழுத்தைச் சேர்த்துப் பிடிக்கிற ஊக்கு, அவ்ளோதான். போகப்போகப் பெருசாகி, கல்யாணமான பெண்ணோட அடையாளமாச்சு. கூடவே வரிசை வரிசையா சங்கிலி, அதுல தொங்குற ரஷ்யப் பேரரசு வெள்ளி ரூபிள்கள். எல்லாம் சேர்த்தா சில கிலோ! அம்மாகிட்ட இருந்து மகளுக்குப் போகும் குடும்பச் சேமிப்பு இது.

1920-ல டார்ட்டு ஒப்பந்தப்படி செட்டோ பகுதி எஸ்டோனியாவுக்கு வந்துச்சு. 1945-ல சோவியத் ஆட்சி அதுல பெரும்பகுதியை ரஷ்யாவோட சேர்த்துடுச்சு. 1991-ல எஸ்டோனியா திரும்ப சுதந்திர நாடானதும், வரைபடத்துக் கோடு நிஜ எல்லையாச்சு. வீடு இந்தப் பக்கம், தாத்தா பாட்டி கல்லறை அந்தப் பக்கம்.

அந்தக் காசை அச்சடிச்ச பேரரசு இன்னைக்கு இல்ல. சோவியத்தும் இல்ல. காசு மட்டும் கழுத்துல இருக்கு. யூடியூப்ல 'செட்டோ லீலோ' பாட்டு தேடிப் பாருங்க. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்க, குரல்களுக்கு நடுவுல வெள்ளி கிலுங்கும்.