ஏடு பெயர்த்தெழுதுதலும் மின்னூற் காப்பும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையையும் நாடகத்தையும் எதிர்நோக்கி வந்திருக்கும் தங்கள்முன் பல்கலைக்கழக நூலகங்களைப் பற்றிப் பேச முற்படுவது சிறிது துணிவான செயலே. ஆயினும், தமிழாராய்ந்து முனைவர் பட்டம் பெற்றோர் இவ்வவையில் பலர் உளர். அவர்தம் உழைப்பைப் பற்றிய செய்தி இது.

ஓலைச்சுவடி நெடுங்காலம் நில்லாது என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். செல்லும் ஈரமும் அழிக்குமுன்னே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தனர். சங்க நூல்கள் அங்ஙனம் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதப்பட்டு நம் கைக்கு எட்டியவை. பெயர்த்தெழுதுவார் இன்றிப் போன நூல்கள் பலவற்றின் பெயரை மட்டும் உரையாசிரியர் வாயிலாக அறிகின்றோம்.

கணினியில் உள்ள நூலும் ஓலையின் இனத்தைச் சேர்ந்ததே. அச்சு நூலை ஐம்பது ஆண்டுகள் கவனியாது விட்டாலும் தூசு தட்டிப் படிக்கலாம். குறுந்தகட்டின் சாயப்பூச்சோ வெப்பத்தாலும் ஒளியாலும் கெடும். தகடு நன்றாயிருப்பினும் அதனைப் படிக்கும் கருவி இன்றைய கணினிகளிற் காண்பதரிது.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், அதன் பெயர் ஈண்டு வேண்டா, 2003ஆம் ஆண்டின் ஆய்வேடு ஒன்றைத் தேடிச் சென்றோம். ஊர் விட்டு வந்த தமிழ்த் தொழிலாளரின் ஒப்பாரிப் பாடல்களைப் பற்றியது அது. அச்சுப்படியில் சில பாடல்களே இருந்தன. முழுத் தொகுப்பும் ஒலிப்பதிவும் பின்னட்டையில் ஒட்டிய குறுந்தகட்டில் உள்ளன என்று முன்னுரை கூறிற்று. நூலகத்தார் பழங்கருவி ஒன்றைத் தேடித் தந்தனர். ஒலிப்பதிவு திறக்கவேயில்லை. பாடற்கோப்பு திறந்தது, திரையில் தோன்றியதோ உரோம எழுத்தும் குறியீடும் கலந்த கூளம்!

காரணம் எளிது. ஒருங்குறி பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் பல, உரோம எழுத்துகளுக்குரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி அமைந்தவை. ஒவ்வொருவர் அமைப்பும் ஒவ்வொரு வகை. அவ்வெழுத்துரு கணினியில் இல்லையேல் தமிழும் இல்லை. எந்த எழுத்துரு என்பதைக் கண்டுபிடித்து, மாற்றுக் கருவி கொண்டு பாடல்களை மீட்க எமக்கு இரண்டு மாலைகள் ஆயின. பாடியோரின் குரல் மீளவில்லை. அவர்களுள் பெரும்பாலோர் அன்றே முதியோர் என்று அவ்வாய்வேடே சொல்கிறது.

2009ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, ஆய்வேடுகளின் மின்படியும் தரப்பட வேண்டுமென விதித்தது. காந்திநகரிலுள்ள இன்பிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்காவில் இன்று 5 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆய்வேடுகள் உள்ளன. பெரும்பணி, போற்றுகின்றோம். ஆனால் பழைய எழுத்துருவில் அமைந்த ஆய்வேடு அங்கும் கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்கு வெறுங்குறியாகவுமே இருக்கும், தேடுவார்க்கு அகப்படாது. நகற்படங்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

ஒரே இடத்தில் வைத்துக் காத்தலும் காப்பாகாது. பெங்களூர் இந்திய அறிவியற் கழகம் முன்னின்ற இந்திய மின்னூலகத்தின் தளம் பின்னாளில் இயங்காதொழிந்தது. அந்நூல்களிற் பலவற்றை இன்று நாம் படிக்க முடிவது, இன்டர்நெட் ஆர்க்கைவில் வேறொரு படி இருந்தமையால். 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது அதன் நூற்பட்டியே மாதக்கணக்கில் முடங்கிற்று. படிகள் பலவாகவும் இடங்கள் வேறாகவும் இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஒவ்வொரு கோப்பும் மாறாதிருக்கிறதா என்று பார்த்தலும் வேண்டும். அதற்கென ஓர் ஊழியர்கூட இல்லாத நூலகங்களே மிகுதி. வெளியார் இதழ்களைப் படிக்கும் உரிமைக்காக 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு நடுவணரசு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியுள்ளது. நன்றே. வாடகை வீட்டுக்கு அத்துணை கொடுக்கும் நாம், சொந்த வீட்டின் ஓட்டை மாற்றக் கணக்குப் பார்க்கலாமா?

நிற்க. தங்கள் இல்லங்களில் பரண்மேலும் மேசை அறையிலும் பழைய குறுந்தகடுகளும் நெகிழ்வட்டுகளும் இருக்கும். ஆய்வேடோ, களப்பதிவோ, எதுவாயினும் அடுத்த மாதக் கூட்டத்திற்குக் கொண்டு வருக. மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவோம். தட்டச்சு செய்த எழுத்துருவின் பெயர் நினைவிலிருந்தால், உறையின்மேல் மறவாது எழுதி வருக.