மத்தியானம் மட்டும் நிற்கிற வண்டி
(முன்னாள் மாணவர் சந்திப்பில், ஆட்டோமொபைல் துறை மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைத் தொழில் பற்றிப் பேசச் சொன்னார்கள். பதினைந்து நிமிடம்தான் நேரம். எனவே ஒரே ஒரு கோளாறைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி. காலையில் குதிரை மாதிரி ஓடும். வெயில் ஏறியதும் மிஸ்ஸிங் ஆகும், நின்றும் போகும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் ஊரில் பிக்கப் என்றால் பெரும்பாலும் டீசல். ஆனால் வளைகுடா நாடுகளில் கார்புரேட்டர் வைத்த நாலு சிலிண்டர் ஜப்பான் பிக்கப்புகள் வெகுகாலம் ஓடின. நான் குவைத்தில், ஷுவைக் தொழிற்பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். அந்த ஊர் வெயில் எப்படி என்று கேட்காதீர்கள். 2016 ஜூலையில் அங்கே மித்ரிபா என்ற இடத்தில் 53.9 டிகிரி பதிவானது. வெளியிலேயே அவ்வளவு என்றால் பானெட்டுக்குள் என்ன இருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சூட்டில் வரும் மிஸ்ஸிங்கிற்குக் குடும்பங்கள் மூன்று. தீப்பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன்.

தீப்பொறியை எடுத்துக்கொள்வோம். செம்புக் கம்பி சூடாக ஆக அதன் மின்தடை கூடும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். நல்ல காயில் இதைத் தாங்கும். உள்ளே இன்சுலேஷன் பழுதான காயில் தாங்காது. எலக்ட்ரானிக் இக்னிஷன் மாடியூலுக்கும் சூடுதான் எதிரி. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1980-களில் இந்த மாடியூலை டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பிலேயே பொருத்தியது. சூட்டில் அது செயலிழந்து ஓடுகிற வண்டி நின்றுவிடுகிறது என்று கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். 2000-ல் நீதிபதி வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டார். 2001-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஒரு பாகத்தை எங்கே வைக்கிறோம் என்பது கோர்ட் வரைக்கும் போகிற விஷயம், மாணவர்களே!

அடுத்து பெட்ரோல். அதிலுள்ள இலேசான பகுதிகள் 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்க ஆரம்பிக்கும். பம்ப் என்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. டாங்கிலிருந்து உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். பம்ப் ஆவியைத்தான் தள்ளும், பெட்ரோலைத் தள்ளாது. இதுதான் வேப்பர் லாக். டாங்க் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருந்தாலும் இதே கதைதான். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும். சில வண்டிகளில் குளிர்காலத்திற்காக ஏர் கிளீனர் மூக்கில் ஒரு மடல் உண்டு. அது சிக்கிக்கொண்டால் கோடையிலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கத்துச் சூடான காற்றையே இழுத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கம்ப்ரஷன். வால்வு கிளியரன்ஸ் இறுக்கமாக இருந்தால் சூட்டில் வால்வு முழுசாக மூடாது. குளிர்ந்திருக்கும்போது அளந்து "நல்லா இருக்கு" என்று சொல்லி என்ன பயன்? எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, திராட்டிலை முழுசாகத் திறந்து, சூட்டோடு அளந்து பார்க்க வேண்டும்.

இனி எந்தக் குடும்பம் என்று எப்படிப் பிரிப்பது? ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் டிரைவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நிற்கிறதா, மூச்சுத் திணறித் திணறி நிற்கிறதா? சட்டென்று என்றால் பெரும்பாலும் தீப்பொறி, திணறினால் பெட்ரோல். ஓடும்போதே நிற்கிறதா, டீ குடிக்க நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கும்போது தகராறா? நிறுத்தியதும் ஃபேன் காற்றும் தண்ணீர் ஓட்டமும் நின்றுபோவதால் பானெட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். அப்போது கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிக்கும். எவ்வளவு நேரம் ஆறினால் சரியாகிறது? இந்த மூன்றுக்கும் பதில் டிரைவரிடம்தான் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ராமநாதபுரம் பக்கத்துத் தம்பி ஒருவர் அங்கே மளிகைச் சரக்கு ஏற்றும் பிக்கப் ஓட்டினார். மத்தியானம் வண்டி நின்றுவிடும். காலையில் முதலாளி ஓட்டிப் பார்த்தால் அருமையாக ஓடும். "வண்டியில் கோளாறு இல்லை, நீதான் நிழலில் நிறுத்திவிட்டுத் தூங்குகிறாய்" என்று சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். மூன்று ஒர்க்‌ஷாப் ஏறி இறங்கியாயிற்று. பிளக், காயில், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் கிட் எல்லாம் புதுசு. அத்தனையும் காலை நேரத்தில் பார்த்த வேலை.

"அண்ணே, நான் பொய் சொல்லலைண்ணே. மத்தியானம் நீங்களே வந்து பாருங்க" என்றார்.

சரி, பார்த்துவிடுவோம் என்று பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, ஏ.சி.யைப் போட்டு, என்ஜினை ஓடவிட்டோம். டைமிங் லைட்டின் கிளிப்பைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு ஒயரில் மாட்டினோம். என்ஜின் மிஸ்ஸிங் ஆகும்போது விளக்கு ஒழுங்காக மின்னினால் தீப்பொறியின் மேல் சந்தேகம் வெகுவாகக் குறைந்துவிடும். விளக்கும் சேர்ந்து தடுமாறினால் குற்றவாளி அந்தப் பக்கம். நடு ஒயரில் சரியாக இருந்து ஒரே ஒரு பிளக் ஒயரில் மட்டும் தடுமாறினால் கேப், ரோட்டர், ஒயர் இவற்றைப் பார்க்க வேண்டும்.

முக்கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ரேஸ் கொடுக்கக் கொடுக்க விளக்கு தடுமாறியது, என்ஜின் நின்றது. கார்புரேட்டரின் கண்ணாடியில் பெட்ரோல் மட்டம் சரியாக இருந்தது. காயிலுக்குக் கரண்டும் வந்தது. சூடு ஆறுவதற்குள் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பிக்கப் காயிலை மீட்டரில் அளந்தோம். ஓப்பன்! பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆறியதும் அதே மீட்டர் சரியான அளவைக் காட்டியது. வேக்குவம் அட்வான்ஸ் தட்டு அசைய அசைய அதன் மெல்லிய ஒயர் இன்சுலேஷனுக்குள்ளேயே முறிந்திருக்கிறது. குளிரில் ஒட்டிக்கொள்ளும், சூட்டில் விலகிவிடும். உறுதி செய்துகொள்ள, தலைமுடி உலர்த்தும் டிரையரால் சூடேற்றிப் பார்த்தோம், மறுபடி ஓப்பன்.

அந்தச் சின்னப் பாகத்தை மாற்றி, மறுநாளும் அதே பகல் வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தோம். முதலாளியை வரவழைத்து, பழைய பிக்கப் காயிலை அவர் கண் முன்னால் சூடேற்றி மீட்டரைக் காட்டினோம். அந்த மாதத்திலிருந்து சம்பளப் பிடித்தம் நின்றது. அதற்கு முன் பிடித்த பணம் திரும்பவில்லை. அதுதான் உண்மை.

செய்து பார்க்கும்போது சில எச்சரிக்கைகள். வேப்பர் லாக் என்று சந்தேகம் வந்தால் பம்ப் மேலும் பெட்ரோல் குழாய் மேலும் ஈரத்துணி போடுங்கள்; சரியானால் அதுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷனில் பிளக் ஒயரைப் பிடுங்கி அந்தரத்தில் விடக்கூடாது, எர்த்தோடு சேருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பெட்ரோல் குழாயைக் கழற்றியிருக்கும்போது தீப்பொறிச் சோதனை வேண்டவே வேண்டாம்.

"சார், இப்போதான் ஸ்கேனர் இருக்கே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, நல்லதுதான். பி0301 என்று காட்டினால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். ஆனால் அது பிளக்காலா, பெட்ரோலாலா, வால்வாலா என்று அந்த எண் சொல்லாது. அங்கிருந்து மேலே நம் மூளைதான் வேலை செய்ய வேண்டும்.

நோய் எது, அதன் காரணம் எது என்று தெரிந்துகொண்டு பிறகு மருந்து கொடு என்று வள்ளுவர் மருத்துவருக்குச் சொன்னார். நம் தொழிலுக்கு நான் ஒன்று சேர்த்துச் சொல்வேன்: நோய் இருக்கும் நேரத்தில் நாடி பாருங்கள். மத்தியானம் வரும் கோளாறை மத்தியானம்தான் தேட வேண்டும். காலையில் பார்த்துவிட்டு "கோளாறே இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், அந்தப் பழி வண்டி மேல் விழாது. அதை ஓட்டும் மனிதன் மேல் விழும். "எப்போது நிற்கிறது?" என்று கேட்டு, அவன் சொல்வதை நம்பி, அந்த நேரத்தில் அவனோடு வெயிலில் நில்லுங்கள்.