சாலையில் கிடந்த மணல் நம்முடையது

(ஜும்ஆ தொழுகைக்குப் பின் கண்டமங்கலத்தில் நடந்த சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





சென்ற மழைக்காலத்தில் நம் ஜமாஅத்து இளைஞர் ஒருவர் மஃரிபுக்குப் பின் வீடு திரும்பும்போது பைக் வழுக்கி விழுந்தார். கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. மருத்துவச் செலவுக்கு நம் அறக்கட்டளை உதவியது. ஆனால் அவர் வழுக்கியது எதன் மேல்? மதரஸா சுற்றுச்சுவர் கட்ட நாம் சாலையோரம் கொட்டி வைத்திருந்த மணல் மேல். அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டோம். அந்தக் குடும்பத்திடமும் கேட்டோம். அதனால்தான் இந்தக் கூட்டம்.

வழுக்கி விழுந்தால் "விதி" என்று சொல்லிவிடுகிறோம். விதியை நம்புகிறோம்; ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லப்பட்டிருக்கிறோம். டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானத்துக்கு எழுதிவைத்த அளவுகள் உண்டு.

முதலில் சாலை. மேல்தளத்து ஜல்லி, சக்கரம் உரசி உரசி மழுங்கிவிடும். மழுங்கிய கல் நனைந்தால் வழுக்கும். எனவே தார்க் கான்கிரீட் மேல்தளத்துக்கு எளிதில் மழுங்காத கல்லே வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிநூல் சொல்கிறது. அதற்கான சோதனையில் கல் குறைந்தது 55 மதிப்பெண் பெற வேண்டும். பிரிட்டனில் 1988 முதல் முக்கியச் சாலைகளின் பிடிமானத்தை, போட்ட பிறகும் தொடர்ந்து அளந்து, குறைந்த இடங்களை ஆராய்கிறார்கள். விழுப்புரம் – புதுச்சேரி நான்குவழிச் சாலையில் வேகம் கூடியிருக்கிறது. இங்கும் அப்படி அளக்க வேண்டும் என்று நாம் கேட்கலாம்.

அடுத்தது டயர். மழைநீரை வெளியே தள்ளுவது டயரின் பள்ளங்கள்தான். பள்ளம் தேய்ந்தால் வண்டி தண்ணீர் மேல் மிதக்கும். பிரேக் பிடித்தாலும் நிற்காது. பைக், ஆட்டோ டயரில் 0.8 மில்லிமீட்டர், காரில் 1.6 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். டயர் அதுவரை தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது வேகத்தடை. பிள்ளைகள் மேலுள்ள அக்கறையில் தெருக்காரர்களே சிமெண்டில் திடீர் மேடு போட்டுவிடுகிறோம். வட்ட மேட்டுக்கு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும், மேட்டின் மேல் வண்ணக் கோடும் வேண்டும். குறுகலான செங்குத்து மேட்டில், பின்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்தான் தூக்கி எறியப்படுகிறார்கள். தேவையென்றால் திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்போம்; நாமே போட வேண்டாம்.

முதல் மழையில் இன்னும் கவனம் தேவை. பல மாதத்துத் தூசியும் எண்ணெயும் நீரோடு கலந்து பசையாகும். அந்த நேரம் மெதுவாகப் போங்கள். வெள்ளைக்கோட்டின் மேல் சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். அப்படியானால் தொல்லையைக் கொண்டுவந்து போடுவது எதில் சேரும்?

எனவே நிர்வாகக் குழு முடிவு செய்திருப்பவை:

மணல், ஜல்லி இனி சாலையில் இறக்கப்படாது. ஓரத்தில் இறக்கினாலும் செங்கல் அணைகொடுத்துத் தார்ப்பாய் மூடுவோம். சிதறியதை அன்றே கூட்டுவோம். உளுந்து, கேழ்வரகு காயவைக்கும் சகோதரர்களுக்குப் பள்ளிவாசல் மைதானத்தைத் தருவோம். மழைக்கு முன் ஒரு ஜும்ஆவில் எல்லா வண்டிகளின் டயரையும் மெக்கானிக்கை வைத்துப் பார்ப்போம். மாற்ற வசதியில்லாதவர்களுக்கு அறக்கட்டளை வட்டியில்லாக் கடன் தரும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தால் 1033க்குச் சொல்லுங்கள்.

கால் முறிந்த பின் கொடுக்கும் உதவியைவிட, முறியாமல் காப்பதே பெரிய உதவி. அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.