ஷோப்பின் வீட்டுக்கு எழுதிய மொழி



இன்றைய உரைக்குப் பியானோ இசைமேதை ஃப்ரிடெரிக் ஷோப்பினை எடுத்துக்கொண்டுள்ளோம். மொழிக்கென அமைந்த மேடையில் இசைக்கலைஞர் ஒருவர்க்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். அவருடைய இசையைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. இருபது வயதில் போலந்தைவிட்டுப் புறப்பட்டு, எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அயலகத்திலேயே கழித்த அம்மனிதர், தம் வீட்டாரோடு எந்த மொழியில் தொடர்பு வைத்திருந்தார், அதற்காக என்ன பாடுபட்டார் என்பதே நம் பொருள்.

1830 நவம்பர் 2ஆம் நாள் ஷோப்பின் வார்சாவிலிருந்து வியன்னாவுக்குப் புறப்பட்டார். அந்த மாத இறுதியிலேயே ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வார்சாவில் கிளர்ச்சி வெடித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நகரம் வீழ்ந்த செய்தி அவரை எட்டியபோது அவர் வழிப்பயணத்தில் இருந்தார். பாரிஸை அடைந்த பின், அங்கே குவிந்த போலந்து அகதிகளுள் அவரும் ஒருவரானார். 1835இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். ஊர் திரும்பும் வழி அடைபட்டது. அதன்பின் அவர்க்கும் வீட்டுக்கும் இடையே இருந்த பாலம் கடிதம் ஒன்றே.

இவ்விடத்தில் அவருடைய தந்தையாரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நிக்கொலா ஷோப்பின் பிறப்பால் பிரெஞ்சுக்காரர். லொரேன் பகுதியின் மரன்வில் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். பதினாறு வயதளவில் போலந்துக்கு வந்து, அங்கேயே மணம் முடித்து, வார்சா உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சு மொழி ஆசிரியராகப் பணியாற்றினார். பிழைப்புக்குப் பிரெஞ்சு கற்பித்த அவர், வீட்டில் போலிஷ் மொழியே பேசப்பட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். வெளியில் விலைபோகும் மொழி தம் கைவசம் இருந்தும், பிள்ளைகள் பிறந்த மண்ணின் மொழியை வீட்டு மொழியாக்கிய ஆசிரியர் அவர். நம் வீடுகளில் இன்று நடப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறோம்.

ஆயினும் அந்த நிக்கொலா தம் பிறந்த வீட்டோடு என்ன தொடர்பு வைத்திருந்தார்? 1790இல் அவர் தம் பெற்றோர்க்கு எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. இரண்டு ஆண்டுகளாகத் தங்களிடமிருந்து செய்தியே இல்லை என்று அதில் வருந்துகிறார். ஊர் திரும்பினால் படையில் சேர்த்துவிடுவார்கள் என்றும் அஞ்சுகிறார். அதன்பின் அந்தத் தொடர்பு அறுந்துபோனது. தம் மகன் பாரிஸில் புகழோடு வாழ்ந்த காலத்தில், அதே நாட்டில் அவருடைய உடன்பிறந்த பெண்கள் இருந்தனர். மகனிடம் அவர்களைப் பற்றி அவர் சொன்னதாகச் சான்றில்லை. ஒரே தலைமுறை இடைவெளியில் அத்தை வீடு அந்நியர் வீடாகிவிட்டது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இது புதுக்கதை அன்று. தோட்டத்துப் பள்ளி ஆசிரியர் எழுதிக்கொடுத்த கடிதங்களால் ஊரோடு உறவு காத்த பாட்டன்மார் உண்டு. எழுதுவது நின்றதும் ஊரின் பெயரே மறந்துபோன பேரன்மாரும் உண்டு.

தாம் இழந்ததை மகனும் இழந்துவிடக் கூடாது என்று நிக்கொலா கருதினாரோ என்னவோ, பாரிஸிலிருந்த மகனுக்கு 1844இல் தாம் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். அவர் எழுதியது பிரெஞ்சில். பணத்தைச் சேர்த்து வை, உடல்நலத்தைப் பார்த்துக்கொள் என்பவை மீண்டும் மீண்டும் வரும் அறிவுரைகள். அதே தாளில் தாயும் தமக்கை தங்கையரும் போலிஷ் மொழியில் தங்கள் பங்கை எழுதிச் சேர்ப்பர். ஒரே உறைக்குள் இரு மொழிகள். ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் இருந்தது. மகன் வீட்டாருக்கு எழுதியது போலிஷ் மொழியில்.

ஷோப்பின் இயல்பாகக் கடிதம் எழுதும் ஆர்வம் உடையவர் அல்லர். ஒரு சிறு மறுமொழி எழுதுவதைவிட, பாரிஸின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நேரில் சென்று சொல்லிவிட்டு வருவதையே அவர் விரும்பினார் என்று அவருடைய நண்பர் லிஸ்ட் குறிப்பிட்டுள்ளார். ஆனால் தம் நாட்டவர்க்குப் போலிஷ் மொழியில் எழுதும்போது மட்டும் இந்தத் தயக்கம் தளர்ந்தது. பாரிஸ் மாளிகைகளில் சீமாட்டிகளுக்குப் பிரெஞ்சில் பாடம் சொன்னவர் அவர். அங்கே அளந்து பேசிய மனிதர், வீட்டுக்கு எழுதுகையில் கட்டவிழ்ந்து பேசுகிறார்.

1840களில் எழுதிய கடிதங்களுள் சில, ஒரே அமர்வில் எழுதப்பட்டவை அல்ல. தொடங்கி, நிறுத்தி, நாட்கள் கழித்துத் தொடர்ந்து எழுதியிருக்கிறார். 1846 அக்டோபர் கடிதத்தைப் பாருங்கள். லெவெரியே கணக்கிட்டுக் கண்ட புதிய கோளைப் பற்றிச் சொல்கிறார். லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட, பேசவும் பாடவும் செய்யும் இயந்திரத்தைப் பற்றி வியப்போடு எழுதுகிறார். இவற்றுக்கும் இசைக்கும் தொடர்பு குறைவு. குடும்ப நலத்துக்கும் தொடர்பு இல்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து வாய்விட்டுப் படிக்கும் வீட்டாருக்கு ஒரு மாலைப்பொழுதை நிறைக்கும் பேச்சு அது. புதிய கோளையும் புதிய இயந்திரத்தையும் பிரெஞ்சு நாளேடுகள் அறிவித்தன. அவர் அவற்றைத் தம் வீட்டு மொழிக்குக் கொண்டுவந்து எழுதினார். நம் வகுப்பறைகளில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கி, ஐந்தாம் வரியில் முடிந்துவிடும் கடிதங்களைத் திருத்தும் ஆசிரியர்கள் இந்த வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

கடிதம் தவறினால் என்ன நேரும் என்பதையும் அக்குடும்பம் அறிந்திருந்தது. 1835 ஆகஸ்டில் கார்ல்ஸ்பாடில் பெற்றோரும் மகனும் சந்தித்துச் சில வாரங்கள் மகிழ்ந்திருந்தனர். அவர் பாரிஸ் திரும்பிய பின் வந்த குளிர்காலத்தில் நோயுற்றார். வார்சாவில் அவர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. 1836 ஜனவரியில் அந்நகர நாளேடு ஒன்று மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. மேடைக் கலைஞரின் மௌனத்தை இரசிகர்கள் ஓய்வு என்று கொள்ளலாம். பெற்றவர்கள் அப்படிக் கொள்ள முடியாது.

கார்ல்ஸ்பாட் சந்திப்பே கடைசிச் சந்திப்பாயிற்று. தந்தையையோ தாயையோ அவர் மறுபடி காணவில்லை. 1844 மே மாதம் தந்தை இறந்தார். துயருற்ற மகனைத் தேற்ற மூத்த தமக்கை லுட்விகா, கணவரோடு அவ்வாண்டுக் கோடையில் பிரான்சுக்கு வந்து சென்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1849 ஜூன் மாதம், தம்மால் வர இயலாது, முடிந்தால் நீங்கள் வாருங்கள் என்று அதே தமக்கைக்கு எழுதினார் ஷோப்பின். லுட்விகா கணவரோடும் மகளோடும் ஆகஸ்டில் வந்து சேர்ந்தார். அக்டோபர் 17ஆம் நாள் தம்பி மறைந்தபோது உடனிருந்தார். உடல் பாரிஸில் அடக்கமாயிற்று. தம்பியின் இதயத்தைத் தமக்கை வார்சாவுக்குக் கொண்டுசென்றார். அது இன்றும் அங்கே திருச்சிலுவை ஆலயத்துத் தூணில் உள்ளது.

அக்கடிதங்களின் கதை அத்தோடு முடியவில்லை. பாரிஸிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் பலவும் தங்கை இசபெலாவிடம் இருந்தன. 1863 செப்டம்பர் 19ஆம் நாள், வார்சாவில் ரஷ்ய ஆளுநர்மீது கொலைமுயற்சி நடந்தது. அதற்குப் பழிவாங்கப் படைவீரர்கள் இசபெலா குடியிருந்த மாளிகையைச் சூறையாடினர். ஷோப்பின் இளமையில் வாசித்த பியானோவைச் சாளரத்தின் வழியே தெருவில் எறிந்தனர், கடிதங்கள் தீக்கிரையாயின. சாளரத்திலிருந்து விழுந்த பியானோவை நோர்விட் என்னும் போலந்துக் கவிஞர் பாடினார். அதனால் அதை உலகம் அறியும். எரிந்த கடிதங்களைப் பாடியவர் இல்லை.

முன்னரே படியெடுக்கப்பட்டவையும் வேறு இடத்தில் இருந்தவையுமாகச் சில மட்டும் தப்பின. தந்தை மகனுக்கு எழுதியவற்றுள் பல கிடைத்துள்ளன. ஆகவே இன்று அக்கடிதத் தொகுதியைப் படிப்பவர், ஆண்டுக்கணக்கில் தந்தையின் பிரெஞ்சுக் குரலை மட்டுமே கேட்க நேர்கிறது. உன் கடிதம் கிடைத்தது, மகிழ்ந்தோம் என்கிறார் தந்தை. மகன் போலிஷ் மொழியில் எழுதிய அந்தக் கடிதம் நம்மிடம் இல்லை.